சிறைக் கடிதங்களும் வாங்காத சீட்டும்

வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் மின்மடல்கள் நம்மில் பலருக்கும் வந்திருக்கும். 2000களின் தொடக்கத்திலிருந்து அஞ்சல் பெட்டிகளை நிறைத்த அவை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஐரோப்பிய நகரம் ஒன்றின் பெயர், நீண்டதொரு குறிப்பெண், தொகுதி எண், பல லட்சம் பவுண்டோ யூரோவோ பரிசு, உரிமை கோருவதற்கு அணுக வேண்டிய முகவர், பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லலாகாது என்ற எச்சரிக்கை. இவற்றைக் குப்பை என்று அழித்துவிடுவதில் தவறில்லை. ஆயினும் இலக்கிய வாசகர்கள் ஒருமுறையேனும் நின்று படிக்கத்தக்க வகைமை இது. இதற்கு இருநூறாண்டு மரபு உண்டு. அம்மரபை அறிந்தவர்க்கு அடுத்து வரும் கடிதத்தை, அது எந்த வேடத்தில் வந்தாலும், அடையாளம் காண்பது எளிது.

இம்மரபின் தொடக்ககாலச் சான்றுகளுள் முக்கியமானது பிரான்சிலிருந்து கிடைக்கிறது. யூஜீன் பிரான்சுவா விடோக் (1775–1857) குற்றவாளியாக இருந்து, பின்னர் பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரானவர். பால்சாக்கின் வோத்ரான் என்ற பாத்திரத்துக்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுபவர். திருடர்களின் வழக்கங்களைப் பற்றி 1830களில் அவர் வெளியிட்ட நூலில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்னும் தொழில் விவரிக்கப்படுகிறது. பீசெத்ர் முதலிய சிறைகளில் அடைபட்டிருந்தோர் வெளியூர்ச் செல்வந்தர்களின் முகவரிகளைத் திரட்டிக் கடிதம் எழுதினர். எழுதுபவன் ஒரு பிரபுவின் பணியாளாம். புரட்சிக்கு அஞ்சி எசமானருடன் நாட்டைவிட்டு ஓடியவன். துரத்தப்பட்டபோது பொன்னும் வைரமும் நிறைந்த பேழையை ஆழ்ந்த நீருக்குள் போட்டுவிட்டுத் தப்பியவன். பின்னர் அதை மீட்கத் திரும்பிவந்து அகப்பட்டுக்கொண்டவன். பேழை கிடக்கும் இடம் அவன் ஒருவனுக்கே தெரியும். பெரியவர் இப்போதைக்குச் சிறுதொகை தந்துதவினால் போதும்.

நூறு கடிதம் எழுதினால் இருபதுக்குப் பதில் வரும் என்பது விடோக் தரும் கணக்கு. நமக்கு இது வியப்பாக இருக்கலாம், அவருக்கு இல்லை. கடிதங்கள் பழைய ஆட்சிமுறையின்மீது பற்றுள்ளவர்களாக அறியப்பட்டோருக்கே அனுப்பப்பட்டன என்கிறார். நாடிழந்த பிரபுவின் கதை யார் நெஞ்சைத் தொடுமோ அவர்கள் வீட்டுக்கே அது போய்ச் சேர்ந்தது. பாரிசின் துணி வணிகர் ஒருவர் சீமாட்டி ஒருத்தியின் வைரங்களைத் தேடிப் பான் நெஃப் பாலத்தின் வளைவொன்றைக் குடைந்துகொண்டிருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். (அந்த வணிகரைப் பற்றி ஒரு நாவல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே கடிதம் 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் சுற்றிவந்தது. ஸ்பெயினில் சிறைப்பட்ட கனவான் ஒருவர், இரகசிய அறை கொண்ட பெட்டியில் மறைந்துள்ள பெருஞ்செல்வம், ஆதரவற்று நிற்கும் இளம் மகள், கடிதங்களைக் கைமாற்றிவிடும் இரக்கமுள்ள பாதிரியார். வழக்குச் செலவைக் கட்டிப் பெட்டியை மீட்டுத் தந்தால் மூன்றிலொரு பங்கு உதவியவருக்கு. கியூபாவில் போர் மூண்டதும் கைதி அப்போருடன் தொடர்புடையவராகிவிட்டார். 1898இலேயே நியூயார்க் டைம்ஸ் இதைப் பழைய மோசடியின் மறுவருகை என்று எழுதியது. வழக்கறிஞரும் எழுத்தாளருமான ஆர்தர் டிரெய்ன் 1910இல் விரிவான கட்டுரை எழுதி எச்சரித்தார். கடிதங்கள் நிற்கவில்லை.

1980களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியப் பொருளாதாரம் தள்ளாடியபோது கடிதம் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. முதலில் தபாலிலும் பிறகு தொலைநகலிலும், இறுதியில் மின்மடலிலும். பேழைக்குப் பதில், மிகைவிலை காட்டிய ஒப்பந்தத்தில் எஞ்சி மத்திய வங்கியில் தேங்கிய மில்லியன்கள். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே தொழிலின் பெயராயிற்று. சர்வாதிகாரி சானி அபாச்சா 1998 சூனில் இறந்த பின் அவருடைய மனைவியின் பெயரிலும் கடிதங்கள் குவிந்தன. அபாச்சா கொள்ளையடித்தது கற்பனையன்று என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது. சுவிட்சர்லாந்து மட்டுமே பல நூறு மில்லியன் டாலரைப் பின்னர் நைஜீரியாவுக்குத் திருப்பியது. பிரபுக்கள் ஓடியதும் உண்மை, கியூபாப் போரும் உண்மை. இவ்வகைப் புனைவு எப்போதும் செய்தித்தாளில் வந்த ஒன்றின்மேல்தான் எழுப்பப்படுகிறது.

2005இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்னும் கேலிப் பரிசு 'நைஜீரிய இணையத் தொழில்முனைவோருக்கு' வழங்கப்பட்டது; மின்மடல் வழியே கோடிக்கணக்கானோருக்குச் சிறுகதைகளை அறிமுகம் செய்ததற்காகவாம். சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்தான். ஆனால் அந்நாட்டிலிருந்தே வந்த எழுத்தாளர் அடாவோபி டிரிசியா நுவாபானி 2009இல் வெளியிட்ட நாவல் இதே மனிதர்களை வேறு கண்ணால் பார்த்தது. 'தற்செயலாக நான் உங்களிடம் வரவில்லை' என்று பொருள்படும் தலைப்பு. பொறியியல் படித்தும் வேலை கிடைக்காத கிங்ஸ்லி, தந்தையின் நோய்க்குப் பணமின்றி, இத்தொழிலில் கொழித்த தாய்மாமனை நாடிச் செல்கிறான். கேலிப் பரிசைக் காட்டிலும் இந்நாவலே நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது என்பது நமது எண்ணம்.

இனிக் குலுக்கல் பரிசுக்கு வருவோம். முந்தைய கடிதங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அபாச்சா கடிதத்துக்குப் பதில் எழுதியவர், திருட்டுப் பணத்தில் பங்கு கொள்ள ஒருவகையில் உடன்பட்டவர். ஏமாந்த பின் காவல் நிலையம் செல்லத் தயங்கினார். அந்தக் கூட்டுக்குற்றமே மோசடிக்காரனுக்குக் காவலாக இருந்தது. பரிசுக் கடிதமோ வாசகரிடம் எந்தக் குற்றத்தையும் கோருவதில்லை. அவர் அதிர்ஷ்டசாலி, அவ்வளவே. சதிக்கு இணங்காத நேர்மையாளர்களும், ஓய்வூதியத்தில் வாழும் முதியோரும், வெளிநாட்டுப் பணத்தை ஒருபோதும் விரும்பியிராதவர்களும் இதனால்தான் வலைக்குள் வந்தனர். பேராசை பிடித்தவரே ஏமாறுவர் என்ற நமது சமாதானம் இங்கே செல்லாது.

பரிசுக் கடிதங்கள் பலவற்றில் மீண்டும் ஸ்பெயின் வந்ததை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. 1812இல் காதிஸ் நகரில் தொடங்கிய ஸ்பானிய அரசுக் குலுக்கலும், அதன் கிறிஸ்துமஸ் முதற்பரிசான 'எல் கோர்தோ'வும் உலகறிந்தவை. அப்பெயரைத் தாங்கிய போலிக் கடிதங்கள் கண்டம்விட்டுக் கண்டம் பறந்தன. 2005இல் மாலகா பகுதியில் ஸ்பானியக் காவல்துறை இதன் தொடர்பில் 300க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. ஜமைக்காவின் மான்டேகோ பே வட்டாரத்தில் இதுவே தொலைபேசி வழித் தொழிலாக வளர்ந்து, அமெரிக்க முதியவர்களைச் சூறையாடியது. அதற்கென்றே 2013இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டில் 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு முறை ஊறிப்போன பின், 2003 சனவரியில் எல்லா லாட்டரிகளும் தடைசெய்யப்பட்டன. தடைக்குக் கட்டுப்படாத இந்தக் குலுக்கல் மின்மடலில் தொடர்ந்து வந்தது. பின்னர் அதே கடிதம் 'கௌன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியின் பெயரில், 25 லட்ச ரூபாய்ப் பரிசுடன், வாட்ஸாப்பில் ஏறிக்கொண்டது.

வேடங்களைக் களைந்து பார்த்தால் எஞ்சுவது இதுதான்: பெருந்தொகை ஒன்று தூரத்தில் இருக்கிறது, அதை அடையச் சிறுதொகை முன்னதாகத் தேவை, விஷயம் இரகசியம், காலம் குறைவு. சிறுதொகை ஒருமுறையோடு நிற்பதில்லை. அனுப்பும் செலவு, காப்பீடு, வரி, பயங்கரவாதத் தொடர்பற்றவர் என்ற சான்றிதழ் எனப் புதிய பெயர்கள் பிறந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற அச்சமே அடுத்த தவணையைக் கட்டவைக்கிறது. கட்டணத்தைப் பரிசிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால், அது விதிப்படி இயலாது என்றே பதில் வரும். சீட்டு வாங்காதவருக்குப் பரிசு விழுவதில்லை. பரிசைத் தருபவர் அதற்காகப் பணம் கேட்பதில்லை.

பிழைமலிந்த மொழியை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்று நம்புவது அரைகுறைப் பாதுகாப்புத்தான். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் முன்வைத்த வாதம் இங்கே கருதத்தக்கது. ஆயிரக்கணக்கில் அனுப்புவதற்குச் செலவில்லை. பதில் எழுதுவோருடன் பேசிக்கொண்டிருப்பதற்குத்தான் நேரம் செலவாகிறது. ஆகவே ஐயப்படுவோர் தொடக்கத்திலேயே விலகிப்போவது மோசடிக்காரனுக்கு இலாபம். நம் ஏளனச் சிரிப்பும் அவன் கணக்கில் சேர்ந்ததே. ஒழுங்கான தமிழில் வரும் கடிதம் உண்மையானது என்றும் இதனால் ஆகிவிடாது. இன்று பிழையற்ற கடிதத்தை எந்திரமே எழுதித் தருகிறது.

பணம் போகும் வழியையும் கவனிக்க வேண்டும். 2010 மே மாதம் இந்திய ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை, இத்தகைய கட்டணங்கள் உள்நாட்டு வங்கிக் கிளைகளில் தனியாட்களின் பெயரில் திறக்கப்பட்ட கணக்குகளில் வசூலிக்கப்படுவதைச் சுட்டியது. 'வெளிநாட்டுப் பரிசு' உள்ளூர்க் கணக்கில் கட்டணம் கேட்பதே போதிய தடயம். லாட்டரியில் பங்குகொள்ள வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதையும் அச்சுற்றறிக்கை நினைவூட்டியது. விதி நியாயமானதே. ஆனால் அதை அறிய நேரும் ஏமாந்தவர், தாமே குற்றவாளியாகிவிடுவோமோ என்று வாய்மூடிவிடவும் கூடும். கூட்டுக்குற்றம் இல்லாத கடிதத்துக்கு இப்படியும் ஒரு காவல் கிடைத்துவிடுகிறது. இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனடியாக முறையிடலாம். பணம் கைமாறிப் போகுமுன் முடக்க வாய்ப்புண்டு. அதற்கு முதலில் வீட்டாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் பணத்தைவிட இதற்கே அஞ்சுகின்றனர்.

அப்படி மௌனமாக இருப்பவரின் முகவரி வீணாவதில்லை. ஏமாந்தோர் பட்டியல்கள் விலைக்கு விற்கப்படுகின்றன. சில காலத்துக்குப் பின் அவருக்கு இன்னொரு கடிதம் வரும். இம்முறை காவல் அதிகாரியோ ஐக்கிய நாடுகள் சபையோ எழுதுவதாக. மோசடியில் இழந்தோருக்கு இழப்பீடு வழங்கும் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பதாகவும், தொகையை விடுவிக்கச் சிறு கட்டணம் ஒன்று செலுத்த வேண்டியிருப்பதாகவும் அக்கடிதம் தெரிவிக்கும்.