பாஃபியோபெடிலம் துரூரியை

பாஃபியோபெடிலம் துரூரியை என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியான அகத்தியமலையில் மட்டும் இயற்கையாக வளரும் ஓர் ஆர்க்கிட் இனம் ஆகும். பூவின் ஓர் இதழ் காலணியின் முன்பகுதி போலக் குழிந்திருப்பதால் இதுவும் இதன் உறவினங்களும் காலணி ஆர்க்கிட்டுகள் எனப்படுகின்றன. தென்னிந்தியக் காடுகளில் வளரும் காலணி ஆர்க்கிட் இது ஒன்றே. இதே பேரினத்தைச் சேர்ந்த பிற இந்திய இனங்கள் வெகு தொலைவில், வடகிழக்கு மாநிலங்களில் காணப்படுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது மிக அருகிய இனமாக உள்ளது.

பெயரும் வரலாறும்

படை அதிகாரியும் தாவரவியல் ஆர்வலருமான ஹெபர் துரூரி 1865 ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மலைகளில் இச்செடியைக் கண்டார். சென்னை மாகாண வனத்துறை அதிகாரி ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1874 இல் இதனை விவரித்து, துரூரியின் பெயரைச் சூட்டினார். அப்போது இது சைப்ரிபீடியம் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1892 இல் பாஃபியோபெடிலம் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. சைப்பிரசு தீவின் பாஃபோசு நகரின் பெயரும், காலணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இணைந்து இப்பேரினப் பெயர் உருவானது.

பின்னர் நெடுங்காலம் இச்செடி காட்டில் காணப்படவில்லை. 1972 இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இருப்பிடம் வெளியே தெரிந்ததும் விற்பனைக்காகச் செடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. இவ்வாறு, மீண்டும் கண்டறியப்பட்டதே இவ்வினத்தின் அழிவை விரைவுபடுத்தியது.

வாழிடம்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டருக்கு மேல், வெயில் படும் புல்சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் இது வளர்கிறது. மணியாச்சி, கோவில்பட்டி வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் இது வளர்வதில்லை. இச்சமவெளிக்குத் தென்மேற்கே தாமிரபரணி தோன்றும் பொதிகை மலையே இதன் வாழிடம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைச் சிகரம் இப்பகுதியிலேயே உள்ளது.

அடையாளம் காணல்

இலைகள்: பட்டை வடிவில், தடித்து, இரு வரிசையாக விசிறி போல் அமைந்திருக்கும். புள்ளிகளோ திட்டுகளோ இன்றி முழுப் பச்சையாக இருக்கும். பல நிலவாழ் ஆர்க்கிட்டுகளில் காணப்படும் பருத்த போலிக்குமிழ் இதில் இல்லை.

தண்டு: மட்டநிலத்தண்டு படர்ந்து செல்வதால் செடிகள் கூட்டமாகக் காணப்படும். இப்பேரினத்தில் இது குறிப்பிடத்தக்க பண்பாகும்.

பூ: பூந்தண்டின் நுனியில் பொதுவாக ஒரே பூ இருக்கும். நிறம் மஞ்சள் அல்லது பச்சை கலந்த மஞ்சள். மேற்புல்லியிலும் இருபக்க அல்லிகளிலும் நடுவே அடர்பழுப்புக் கோடு ஓடும். கீழ்ப்புல்லிகள் இரண்டும் ஒன்றாக இணைந்து பைக்குப் பின்னால் இருக்கும். ஆகவே ஆறு உறுப்புகளுக்குப் பதில் ஐந்தே தெரியும்.

மகரந்தத்தாள்: பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் வளமான மகரந்தத்தாள் ஒன்று, காலணி ஆர்க்கிட்டுகளில் இரண்டு. நடுவிலுள்ள மலட்டு மகரந்தத்தாள் கேடயம் போல் தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சில காசித்தும்பை இனங்களின் பூக்களிலும் பை போன்ற உறுப்பு உண்டு. அவற்றின் இலைகளில் வலைப்பின்னல் நரம்புகள் இருக்கும். ஆர்க்கிட் இலைகளில் நரம்புகள் இணையாக ஓடும்.

மகரந்தச் சேர்க்கை

காலணி ஆர்க்கிட்டுகளின் பை உணவுக் கலம் அன்று, தற்காலிகப் பொறியாகும். உள்ளே விழும் பூச்சி வழுக்கும் முன்சுவரில் ஏற முடியாமல், பின்புறக் குறுகிய வழியே வெளியேறுகிறது. அப்போது முதலில் சூல்முடியையும் பிறகு மகரந்தப்பையையும் உரசிச் செல்கிறது. ஆகவே அது சுமந்து செல்லும் மகரந்தம் அடுத்த பூவுக்கே பயன்படுகிறது. தூள் போன்ற விதைகளில் சேமிப்பு உணவு இல்லாததால், காட்டில் அவை முளைக்க உரிய பூஞ்சையின் துணை தேவை. எனவே பிடுங்கப்பட்ட செடிகளுக்கு ஈடாகப் புதியவை எளிதில் தோன்றுவதில்லை.

பாதுகாப்பு

1990 முதல் பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும் அருகிய உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் இச்செடிகளை அனுமதியின்றிக் காட்டிலிருந்து பறிப்பதையும் பிடுங்குவதையும் தடை செய்தது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் ஆய்வகத்தில் நாற்றுகளை வளர்த்து மலையில் மீண்டும் நட்டுள்ளது.

மேற்கண்ட பண்புகளைச் செடியைத் தொடாமலேயே ஒளிப்படத்தில் சரிபார்க்கலாம். படக் கோப்பில் தானாகப் பதிவாகும் இட விவரத்தை நீக்கிய பின்னரே படத்தை வெளியிட வேண்டும். சரியான இருப்பிடத்தை வனத்துறையிடம் மட்டும் தெரிவிப்பதே பாதுகாப்பானது.