பெயர் மட்டும் கியர் மாற்றுமா? - காம்பன்யோலோ கதை

என்ன சைக்கிள் என்று கேட்டால் நாம் ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்வோம். பந்தய சைக்கிள் பைத்தியங்கள் அப்படியில்லை. கியரும் பிரேக்கும் யாருடையது என்று குனிந்து பார்ப்பார்கள். அங்கே பல வருடம் ராஜாவாக இருந்தது, 1933-ல் இத்தாலியின் விசென்சாவில் தொடங்கிய காம்பன்யோலோ.

நிறுவனர் துல்லியோ காம்பன்யோலோவும் பந்தயக்காரர்தான். அப்போதெல்லாம் கியர் மாற்ற, இறங்கிப் பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். 1927-ல் குரோச்சே தாவுனே மலைப்பாதையில், பனியில் விரல் விறைத்து நட்டைத் திருக முடியாமல் பின்தங்கினார். அந்தக் கடுப்பில்தான் சட்டென்று சக்கரத்தைக் கழற்றும் 'குயிக் ரிலீஸ்' பிறந்தது என்பார்கள். (அப்படியேதான் நடந்ததா என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. கம்பெனி கதையை விடுவதாயில்லை :-))

கதை மட்டும் சோறு போடாது. எடி மெர்க்ஸ் டூர் டி பிரான்ஸை 5 முறை ஜெயித்தது காம்பன்யோலோ பாகங்களில்தான். அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வேறு: சின்ன ஸ்பிரிங் தேய்ந்தால் அந்த ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி மாட்டலாம். 20 வருடப் பழைய கியரும் ஓடும். அப்படி ஓடும் ஒவ்வொரு சைக்கிளும் இலவச விளம்பரம்.

1983-ல் துல்லியோ இறந்தார். அதே வருடம் பொன்விழாவுக்காக எண்ணிட்ட பாகங்களைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். மறுவருடம் ஜப்பானின் ஷிமானோ, டூரா-ஏஸில் 'கிளிக்' வைத்தது. லீவரை ஒரு கிளிக் தள்ளினால் சங்கிலி சரியான பல்லில் போய் உட்காரும். அதுவரை விரல் உணர்விலும் காதிலும்தான் வேலை. காம்பன்யோலோ பதிலுக்குக் கொண்டுவந்த சிங்க்ரோ சொதப்பல். வேறு கம்பெனியாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். பழைய பெயர் சில வருடம் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. 1990-ல் ஷிமானோ பிரேக் லீவரிலேயே கியரை வைத்தது. 1992-ல் எர்கோபவர் வந்த பிறகுதான் இவர்களுக்கு மூச்சு வந்தது.

மலை சைக்கிள் பாகங்களும் செய்து பார்த்து, 90களின் நடுவில் விட்டுவிட்டார்கள். எண்ணிக்கையில் ஷிமானோவோடு மோத முடியாது; கார்பன், டைட்டானியம், பெரிய விலை என்று உச்சியிலேயே உட்கார்ந்தார்கள். மதிப்பு குறையவில்லை, கடையில் கண்ணில் படுவது குறைந்தது.

போகாச்சார் 2020, 2021 டூர்களை ஜெயித்தது காம்பன்யோலோவில். 2023-ல் அவர் அணி ஷிமானோவுக்குப் போனது. 2024-ல் ஆண்களுக்கான வேர்ல்ட் டூரில் ஒரு அணிகூட காம்பன்யோலோ ஓட்டவில்லை. 2025-ல் கோஃபிடிஸ் அணி மூலம் திரும்ப வந்தார்கள்.