மின்சைக்கிள்: மோட்டார் எங்கே, பின் பிரேக் எது?

சிங்கப்பூரில் மின்சைக்கிள் மோட்டாரின் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டரில் உந்துதல் நின்றுவிட வேண்டும். மிதித்தால் மட்டுமே மோட்டார் ஓடலாம். மொத்த எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் இரண்டு தெரிவுகள் உண்டு.

பின்சக்கர மோட்டார்: சங்கிலிக்கு மோட்டாரின் சுமை இல்லை, அது நீண்டநாள் உழைக்கும். டயர் பஞ்சரானால் கனமான சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும்.

நடு மோட்டார்: கியர் வழியாக உந்துவதால் மேம்பாலம் ஏறுவது எளிது. ஆனால் சங்கிலியும் பல்சக்கரமும் விரைவில் தேயும்.

பின் பிரேக்: ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் வலுவிழக்கும். தினமும் வேலைக்குச் செல்வோருக்கு டிஸ்க் பிரேக்கே நல்லது. எதுவாயினும், நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையது. பின் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது.

வேகத்துக்காக மோட்டாரை மாற்றியமைப்பது குற்றம்.