வேலியும் வெருகும்

அரசர்களின் செல்வம் எவ்வாறு காக்கப்பட்டது என்பதற்குக் கோட்டைகளும் அகழிகளும் சான்றாக நிற்கின்றன. எளிய குடும்பத்தின் செல்வம் எவ்வாறு காக்கப்பட்டது? நிலமில்லாதவனுக்கு ஆடுதான் சேமிப்பு. அவன் மனைவிக்குக் கோழிதான் கைச்செலவு. மகளின் திருமணமாயினும் மருத்துவச் செலவாயினும் முதலில் விலைபோவது பட்டியில் நிற்கும் வெள்ளாடே. அப்பட்டிக்குள் ஓரிரவு ஒரு சிறுத்தை புகுந்துவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்த்தது விடிவதற்குள் போய்விடும். ஆதலால் ஆட்டையும் கோழியையும் காத்த வரலாறு, எளியோர் தம் வாழ்வைக் காத்துக்கொண்ட வரலாறே ஆகும். அதன் சுவடுகள் நம் பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் உள்ளன. நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் பிற மாநிலங்களிலும் உள்ளன.

தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையர் குடியிருப்பை நம் கண்முன் நிறுத்துகிறார். அங்குள்ள குடிசை மிகச் சிறியது. வாயிலில் கழிகளை நெருக்கிக் கட்டிய கதவு இருக்கிறது. காவலுக்காகத் தோற்படுக்கையில் ஒருவன் உறங்குகிறான். முற்றத்தில் குட்டையான முளைகளை அடித்து, அவற்றில் நீண்ட கயிறுகளைப் பிணைத்திருக்கிறார்கள். செம்மறியும் வெள்ளாடும் அங்கே சேர்ந்து தங்குகின்றன. எரு நிறைந்த அந்த இடத்தைச் சுற்றிலும் முள் வேலி சூழ்ந்திருக்கிறது. அரசனைப் புகழும் பாட்டு இது. ஆயினும் ஓர் ஆட்டுப்பட்டிக்கு வேண்டிய காவல் அனைத்தும் இதில் முறையாக அமைந்துவிட்டது. முள் வேலி நரியையும் ஓநாயையும் தடுக்கும். வேலியைத் தாண்டும் விலங்குக்கோ, வாயிலருகே படுத்திருக்கும் மனிதனே தடை.

கோழிக்கு வாய்த்த பகை வேறு. வெருகு என்று சங்கப் புலவர் குறிப்பிடும் காட்டுப்பூனையே அது. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலை வேளையில் வேலியோரம் வெருகு வந்ததைக் கண்ட பெட்டைக்கோழி, எங்கே புகுவது என்று அறியாமல் திரண்டு நிற்கும் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியை உவமையாக்குகிறார். ஊரார் பழிச்சொல்லின் கடுமையை உணர்த்த அந்த அலறல் போதும் என்று அவர் கருதினார். அவ்வலறலைக் கேட்டிராத வீடு அக்காலத்தில் இல்லை என்பது இதனால் விளங்கும்.

புறநானூற்றின் 326ஆம் பாட்டில் தங்கால் பொற்கொல்லனார் காட்டும் காட்சி இன்னும் நுட்பமானது. நள்ளிருளில் வெருகுக்கு அஞ்சிய இளம்பெட்டை ஒன்று தொண்டை கிழியக் கத்துகிறது. பருத்தி நூற்கும் பெண்ணொருத்தி, பஞ்சின் தூசும் செத்தையும் அகற்றுவதற்காக அந்நேரத்தில் எழுகிறாள். அவள் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் அருகிலிருந்த சேவலைக் கண்டு பெட்டை அச்சம் தணிகிறது. நூற்றுப் பிழைக்கும் பெண் தன் தொழிலுக்கு ஏற்றிய விளக்கு, அவள் வளர்த்த கோழிக்கும் காவலாயிற்று. அவளுடைய செல்வம் அவ்விரண்டுமே என்று கொள்வதில் தவறில்லை.

பகைவனின் நேரம் அறிந்து கதவடைப்பதே காவலின் முதற்படி. கீரியும் பருந்தும் பகலில் வருவன; காட்டுப்பூனையும் நரியும் அந்தி மயங்கியபின் வருவன; மரநாய் இரவில் கூரை வழியாகவும் இறங்கும். எனவே பகலில் குஞ்சுகளைக் கவிழ்த்து மூட மூங்கிற் பஞ்சாரமும், இரவில் அடைக்கத் திண்ணைக்கடியிலோ சுவரோரத்திலோ கட்டிய கூடும் நம் கிராமங்களில் தனித்தனியே ஏற்பட்டன. ஒரே பொருள் இருவேளைக்கும் உதவாது என்பதை அனுபவம் கற்பித்தது.

காவலில் நாய்க்கும் பங்குண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த நடுகல் ஒன்று உண்டு. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கொங்கு நாட்டிலும் கன்னட நாட்டிலும் புலியோடு பொருது மாண்டவர்க்கு நட்ட கற்கள் பல கிடைத்துள்ளன. மந்தையைக் காத்தல் வீரச்செயலாக மதிக்கப்பட்டது என்பதற்கு அக்கற்கள் சாட்சி.

ஆயினும், காவல் தவறினால் இழப்பு யாரைச் சேர்ந்தது? சோழர் காலக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிப்பதற்கு ஆடுகளை அறமாக அளித்தனர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாவாத ஆடு உலகில் ஏது? நோயால் இறந்தாலும் நரி கொண்டுபோனாலும் கோயிற்கணக்கில் எண்ணிக்கை குறையலாகாது என்பதே அதன் பொருள். இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பும் பொறுப்பு இடையர் தலைமேல் நின்றது. விளக்கு அணையாதிருந்ததற்குப் பின்னால், பட்டிக் காவலில் உறக்கம் இழந்த இரவுகள் எத்தனையோ!

ஆங்கில ஆட்சி வேறொரு வழியைக் கண்டது. பட்டியைப் பலப்படுத்துவதைவிடப் பகையை ஒழிப்பதே மேல் என்று கருதி, கொன்ற விலங்குக்குப் பரிசுப் பணம் வழங்கியது. 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் 80,000க்கு மேற்பட்ட புலிகளும், 1,50,000க்கு மேற்பட்ட சிறுத்தைகளும், ஏறத்தாழ 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். அத்தனை கொன்றபின்னும், ஆட்டுக்காரன் கதவைத் திறந்துவைத்து உறங்கும் காலம் வந்துவிடவில்லை.

விடுதலைக்குப் பின், 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சிறுத்தையைக் கொல்வது இன்று குற்றம். சிறுத்தையால் ஆடு மாடு இழந்தவர்க்கு மாநில அரசுகள் இழப்பீடு தருகின்றன. சோழர் காலத்தில் இடையன் தனியே சுமந்த பாரத்தில் ஒரு பங்கையேனும் நாடு ஏற்றுக்கொண்டது என்று இதனைக் கூறலாம். கொல்லாமல் பிடித்து வேறிடத்தில் விடும் முயற்சியும் நடந்தது. புனே மாவட்டத்து ஜுன்னர் வட்டாரத்தில், கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்த சிறுத்தைகளை 2001 முதல் பெருமளவில் பிடித்து அப்புறப்படுத்தினர். மனிதர் மீதான தாக்குதல் அதனால் குறையவில்லை, மாறாக மிகுந்தது. எனவே பழைய வழியாகிய உறுதியான அடைப்புக்கே அறிஞரும் இன்று மீள்கின்றனர்.

அவ்வழி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இமாசலப் பிரதேசத்தில் கல்லும் மரமும் மாறிமாறி அடுக்கிக் கட்டிய பழைய வீடுகளில் கீழ்த்தளம் கால்நடைக்கும் மேல்தளம் மக்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆட்டின் குரல் கேட்டால் வீட்டார் உடனே எழுந்துவிடலாம். அங்குள்ள கத்தி இன மேய்ப்பர், சிறுத்தை நாயின் கழுத்தைக் கவ்வாதிருக்க, இரும்பு முட்கள் பொருத்திய பட்டையை அதற்கு அணிவிக்கின்றனர். தோற்படுக்கையில் காவல் கிடந்த இடையனும் இம்மலைவாணரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் ஒரே பாடத்தைக் கற்றவர்கள்.

நேயர்களே, அந்தப் பாடம் சிலவற்றில் அடங்கும். அந்திக்கு முன் அடைக்க வேண்டும். பட்டிக்குச் சுவர் இருந்தால் போதாது, கூரையும் வேண்டும். தாண்டிக் குதிக்கும் சிறுத்தை, தப்ப வழியற்ற ஆடுகள் பலவற்றை ஒரே இரவில் கொன்றுவிடும். அரைகுறையான அடைப்பு காவலாகாது, பொறியே ஆகும். கதவில் இடைவெளி இருத்தலாகாது. மனிதர் துயிலும் இடம் அருகில் இருத்தல் நலம். ஒரு விளக்கும் ஒரு நாயும் உடனிருந்தால் மேலும் நலம்.

பெங்களூரின் புறநகரிலோ மும்பையின் காட்டோரத்திலோ நான்கு கோழியும் இரண்டு ஆடும் வளர்க்கும் தமிழ்க் குடும்பம், மாலையில் கூட்டை அடைத்துத் தாழிடும்போது, பருத்திப் பெண்டு செய்த காவலையே தொடர்ந்து செய்கிறது. வெருகும் வாழட்டும், நம் கோழியும் வாழட்டும். இரண்டுக்கும் இடையே நல்ல வேலி ஒன்று நிற்கட்டும்.