மக்கோண்டோ கிணற்றில் 1,400: உயர் நம்பகத்தன்மைக் கோட்பாடும் எண்ணெய்த் துளைப்பும்

1. கோட்பாடு

சிக்கலும் இறுக்கமான பிணைப்பும் உள்ள தொழில்நுட்பங்களில் பெருவிபத்து என்றாவது நிகழ்ந்தே தீரும் என்று 1984-இல் சார்லஸ் பெரோ வாதிட்டார். அதே பத்தாண்டில் பெர்க்லி ஆய்வாளர்களான டாட் லபோர்ட், கார்லீன் ராபர்ட்ஸ், ஜீன் ராக்லின் ஆகியோர் வேறொரு கேள்வியை எழுப்பினர்: அத்தகைய ஆபத்தோடு நாள்தோறும் புழங்கியும் சில அமைப்புகள் பெருவிபத்தின்றி இயங்குவது எப்படி? விமானந்தாங்கிக் கப்பல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, அணுமின் நிலையம் ஆகியவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். பின்னர் கார்ல் வெய்க்கும் கேத்லீன் சட்க்ளிஃபும் உயர் நம்பகத்தன்மை கொண்ட அவ்வமைப்புகளின் இயல்புகளை ஐந்தாகத் தொகுத்தனர்: தவறு நேரக்கூடும் என்ற ஓயாத கவலை, எளிய விளக்கத்தில் அடங்காமை, களத்தில் நடப்பதன் மீது கூர்ந்த கவனம், அடி விழுந்தாலும் மீண்டெழும் ஆற்றல், பதவியைவிட அறிந்தவர் சொல்லுக்கு மதிப்பு.

எண்ணெய்த் துளைப்பில் இவற்றுள் தலையாயது இரண்டாவது என்பதே இக்கட்டுரையின் துணிபு. கிணற்றின் அடியை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. அழுத்தமானியும், கிணற்றின் அழுத்தத்தை அடக்க நிரப்பும் துளைப்புச் சேற்றின் தொட்டி மட்டமுமே அங்கு நடப்பதைச் சொல்கின்றன. ஒரே எண்ணுக்குப் பல பொருள் கூற முடியும். வேலையை நிறுத்தத் தேவையில்லாத பொருளை நோக்கியே மனம் சாயும்.

2. சோதனை

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில், சுமார் 5,000 அடி ஆழக் கடலுக்கு மேல், டீப்வாட்டர் ஹொரைசன் மேடை மக்கோண்டோ கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. அடியில் இட்ட சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று அறிய எதிர்மறை அழுத்தச் சோதனை நடந்தது. கிணற்றுக்குள் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, அடியிலிருந்து ஏதேனும் உள்ளே வருகிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. சிமென்ட் தாங்கினால், வடித்து மூடிய குழாயில் அழுத்தம் சுழியத்திலேயே நிற்க வேண்டும். துளைகுழாயிலோ அது சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டுக்கு ஏறியது.

கிணற்றோடு இணைந்த இன்னொரு குழாயில் அழுத்தமும் இல்லை, ஒழுக்கும் இல்லை. ஒரே கிணற்றில் திறக்கும் இரு குழாய்கள் இப்படி முரண்பட்டால், ஏதோ ஒன்று அடைபட்டிருக்க வேண்டும், அல்லது சோதனையே பிழையாக இருக்க வேண்டும். மேலே உள்ள கனமான சேறு, கிணற்றுத் தலையில் மூடிய ரப்பர் அடைப்பை அழுத்துவதால் வந்த அழுத்தம் அது என்ற விளக்கம் மேடையில் முன்வைக்கப்பட்டது. சுழியம் காட்டிய குழாயை நம்பி, சோதனை வெற்றி என்று மேடையில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். ஆனால் விளங்காத எண்ணைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த நடைமுறை எதுவும் அவர்கள் கையில் இல்லை.

சோதனைக்குப் பின், கனமான சேற்றை அகற்றிக் கடல்நீரை நிரப்பும்போது துளைகுழாயின் அழுத்தம் குறைய வேண்டும். இரவு 9 மணியை ஒட்டி அது ஏறத் தொடங்கியது. பம்புகளை நிறுத்திய சில நிமிடங்களிலும் ஏறியது. 9.40 தாண்டியதும் சேறு மேடைமேல் பொங்கியது, 9.49 அளவில் மேலேறிய வாயு வெடித்தது. 11 பேர் இறந்தனர். கிணறு அடைபட 87 நாள் ஆனது.

3. தவறான அளவுகோல்

அதே நாளில், கிணற்றை நடத்திய பிபி, மேடையின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷன் ஆகிய நிறுவனங்களின் மேலதிகாரிகள் மேடைக்கு வந்திருந்தனர். வேலைநாள் இழக்கச் செய்யும் காயமின்றி மேடை ஏழாண்டு கடந்ததைப் பாராட்டுவதும் அவர்கள் வந்த நோக்கங்களில் ஒன்று. வழுக்கி விழாமை ஒன்று, கிணறு சீறாமை வேறொன்று. முன்னதன் கணக்கு பின்னதைப் பற்றி எதுவும் சொல்லாது. 2005-இல் பிபியின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்தபின் அமைந்த பேக்கர் குழு, 2007-இல் அந்நிறுவனத்துக்கு இதையே எடுத்துச் சொல்லியிருந்தது.

4. பயணப்படாத பாடம்

2009 டிசம்பர் 23 அன்று, வடகடலில் டிரான்ஸ்ஓஷனின் செட்கோ 711 மேடையிலும் ஏறக்குறைய மக்கோண்டோவில் நடந்ததே நடந்தது. சோதனை வெற்றி என்று முடிவானது, சேற்றை மாற்றும்போது கவனம் தளர்ந்தது, எண்ணெய்-வாயு மேலேறியது. நல்வேளையாகக் கிணறு அடங்கியது. அந்நிறுவனம் அதிலிருந்து பாடக்குறிப்பும் தயாரித்தது. அது டீப்வாட்டர் ஹொரைசன் குழுவின் கைக்கு வரவில்லை. மக்கோண்டோவிலேயே 2010 மார்ச் 8-இல் கிணற்றுக்குள் வாயு புகுந்ததைக் கண்டறிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தவறைப் பற்றிய ஓயாத கவலை என்பது மனநிலை மட்டுமே என்றால் அது போதாது. ஒரு மேடையின் அச்சம் மற்ற மேடைகளுக்குப் போய்ச்சேர வழி இருக்க வேண்டும்.

5. யார் சொல் செல்லும்

விமானந்தாங்கிக் கப்பலில் இருப்பது ஒரே கடற்படை. மக்கோண்டோவில் கிணறு பிபியுடையது, மேடை டிரான்ஸ்ஓஷனுடையது, சிமென்ட் வேலை ஹாலிபர்ட்டனுடையது. பெர்க்லிக் கோட்பாட்டை அப்படியே துளைப்புக்குப் பொருத்துவோர் இந்த வேறுபாட்டை விரைந்து கடந்துவிடுகிறார்கள் என்பது என் குறை. கிணற்றின் அடியில் இடவிருந்த நுரைச் சிமென்ட் நிலையற்றது என்று ஹாலிபர்ட்டனின் ஆய்வகச் சோதனை 2010 பிப்ரவரியிலேயே காட்டியது. எண்கள் பிபிக்குப் போயின. அவற்றின் பொருளை ஹாலிபர்ட்டன் எடுத்துச் சொல்லவில்லை, பிபி கவனித்ததாகவும் சான்றில்லை. அறிந்தவர் இருந்தும், அவர் சொல்லை ஏற்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. கிணறோ ஏறக்குறைய ஆறு வாரம் பின்தங்கி, திட்டச் செலவைவிட 5.8 கோடி டாலர் கூடுதலாக விழுங்கியிருந்தது.

6. செய்ய வேண்டியவை

2010 அக்டோபரில் அமெரிக்க அரசு எதிர்மறை அழுத்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதனையைக் கட்டாயமாக்கினால் மட்டும் அதன் விடை சரியாகப் படிக்கப்பட்டுவிடாது. விளங்காத எண் வந்தால், மேடையின் நாள்வாடகைக் கணக்கோடு தொடர்பில்லாத கரைப் பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்து ஒப்பும்வரை சேற்றை அகற்றக் கூடாது. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் நிறுவன எல்லை தாண்டி எல்லா மேடைகளுக்கும் போக வேண்டும். இவ்விரண்டையும் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தங்களில் எழுதட்டும். எழுதாத ஒப்பந்தத்துக்கு ஒழுங்குமுறை அமைப்புகள் துளைப்பு அனுமதி தர வேண்டாம்.