நஞ்சும் முறிவும் – 14: கோர்ட்டனின் நாய்

நியூயார்க்கில் மரப்பு ஊசிக்குப் பின் நின்றுபோன ஓர் இதயத்தின் கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் ஒரு நாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்து நாளாக அது என்னை விடமாட்டேன் என்கிறது.

1678, 79 வாக்கில் தெற்கு பிரான்சின் மோன்பெலியே நகரில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார். ஊரைவிட்டு வெளியேறிய பிறகு வில்லியம் சார்ல்டன் என்ற பெயரில் நடமாடியவர். நிஜப் பெயர் வில்லியம் கோர்ட்டன். தாத்தா பார்படோஸ் தீவில் குடியேற்றம் நடத்திய பெரும் வணிகர். குடும்பக் கப்பல்கள் நம் கார்வார், பட்கல் வரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கே போட்டிக் கடை விரித்தவை. பேரன் தலையெடுப்பதற்குள் சொத்து கடனிலும் வழக்கிலும் கரைந்துவிட்டது. மனிதர் அசரவில்லை. மிச்சமிருந்த காசில் சிப்பி, பழைய நாணயம், பூச்சி, உலர்ந்த செடி என்று வாங்கிக் குவித்தார். தத்துவஞானி ஜான் லாக்குக்கு நண்பர், ஹான்ஸ் ஸ்லோனுக்கு நண்பர். 1702இல் இறந்தபோது அத்தனையையும் ஸ்லோனுக்கு எழுதிவைத்தார். ஸ்லோனின் சேகரிப்பிலிருந்துதான் பிரிட்டிஷ் மியூசியம் பிறந்தது. குடும்பச் சொத்தை இழந்தவன் ஒரு மியூசியத்துக்கு அஸ்திவாரக் கல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த மாதிரி ஆள்களிடம் எனக்கு ஒரு பலவீனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாய் விஷயத்தில் அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை. மோன்பெலியேயில் அவர் விலங்குகளுக்குப் பலவகை நஞ்சுகளைக் கொடுத்து, என்ன ஆகிறது என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளை 1712இல் ராயல் சொசைட்டி ஏட்டில் ஸ்லோன் வெளியிட்டார். அதில் நஞ்சுகளோடு நஞ்சாக ஆலிவ் எண்ணெயும் இருக்கிறது! நாயின் ரத்தக்குழாயில் எண்ணெயை அப்படியே செலுத்தினார், நாய் செத்தது. சாகாமல் என்ன செய்யும்? எண்ணெய்த் திவலைகள் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொண்டால் மூச்சு எங்கிருந்து வரும்? சமையலறையில் இருக்கும் எண்ணெய், நரம்பில் ஏறினால் எமன் என்று அன்றைக்கு எழுதப்பட்ட தீர்ப்பு ஏறக்குறைய 300 ஆண்டு நின்றது.

தீர்ப்பை மாற்றியவர் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட். சோயா எண்ணெயை முட்டைக் கருவின் பாஸ்போலிப்பிட் கொண்டு, ரத்தச் சிவப்பணுவைவிடப் பல மடங்கு சிறிய துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். பார்த்தால் பால். வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு நரம்பு வழியே உணவு. பெயர் இன்ட்ராலிப்பிட், 1962இல் ஸ்வீடனில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், அதே ஸ்வீடனில், பூபிவகெயின் என்ற மரப்பு மருந்து பிறந்திருந்தது. கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடம் தெரியுமா? போஃபர்ஸ். ஆமாம், 1987இல் நம் நாட்டையே கலக்கிய அதே பீரங்கிக் கம்பெனி! பூபிவகெயின் இதயத்தை நிறுத்திய கதையையும், அந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டிய மயக்கவியலாளர் ஆல்பிரைட்டின் 1979 தலையங்கத்தையும் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. நஞ்சும் முறிவும் ஒரே நாட்டில் பிறந்து, ஒரே ஆஸ்பத்திரியின் இரண்டு அலமாரிகளில் பல்லாண்டு இருந்திருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்றை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

அறிமுகப்படுத்தியவர் சிகாகோவின் கய் வைன்பெர்க், அதுவும் தப்பான கணக்குப் போட்டு. கார்னிட்டைன் குறைவுள்ள ஒரு 16 வயதுப் பெண்ணுக்கு வெறும் 22 மில்லிகிராம் பூபிவகெயினில் இதயத்துடிப்பு தாறுமாறானது. கொழுப்பை உயிரணுவின் உலைக்குள் கொண்டுசேர்க்கும் படகுதான் கார்னிட்டைன். பூபிவகெயின் அந்தப் படகைத் தடுக்கிறது என்றால், ரத்தத்தில் கொழுப்பை ஏற்றினால் எலிகள் சீக்கிரமே சாக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சோதித்தார். எலிகள் சாக மறுத்தன. கொல்வதற்கு முன்னைவிட அதிக மருந்து தேவைப்பட்டது. நம்மில் பலர் சோதனையில் எங்கோ கோளாறு என்று குப்பையில் போட்டிருப்போம். அவர் 1998இல் அதை எழுதி வெளியிட்டார். இந்தத் தொடரில் இதுவரை வந்த நாயகர்களில் என் ஓட்டு இவருக்கே.

எலிகள் சாக மறுத்த காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பலாப்பழம் அறுக்கும்போது பால் கையில் ஒட்டினால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. நல்லெண்ணெய் தடவினால் வந்துவிடும். பூபிவகெயினும் கொழுப்பைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் சாதி. இதயத்தில் பற்றியிருப்பதை எண்ணெய்த்துளிகள் இழுத்துக்கொள்கின்றன என்றுதான் முதலில் விளக்கினார்கள். அங்கிருந்து ஈரலுக்கும் தசைக்கும் சுமந்து போய் இறக்கிவிடுகின்றன என்பது பின்னால் சேர்ந்தது.

2003இல் வைன்பெர்க் நாய்களுக்கு வந்தார். பன்னிரண்டு நாய்கள். இதயம் நின்றபின் ஆறுக்கு உப்புநீர், ஆறும் போயின. ஆறுக்கு எண்ணெய்க்கரைசல், ஆறும் பிழைத்தன. கோர்ட்டனைத் திட்டிவிட்டு வைன்பெர்க்கை மெச்சுவது ஓரவஞ்சனை என்று கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு: ஓரவஞ்சனைதான்.

பக்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது, நியூயார்க்குக்கு ஓடுவோம். 2006இல் வெளியான அறிக்கை அது. எழுதியவர்கள் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியின் மெக் ரோசன்ப்ளாட்டும் குழுவினரும். தோள் அறுவைக்கு வந்த 58 வயதுக்காரர். கழுத்தோரம் மரப்பு ஊசி போட்டதும் வலிப்பு, பிறகு இதயம் நின்றது. நெஞ்சை அமுக்கினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சுமார் 20 நிமிடம் எதுவும் பலிக்கவில்லை. இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு ஏற்பாடு நடந்தது. கடைசி முயற்சியாக அந்த வெள்ளை இன்ட்ராலிப்பிட் பையை ஏற்றினார்கள். சற்று நேரத்தில் துடிப்பு திரும்பியது. மூளைக்குச் சேதம் ஏதுமின்றி மனிதர் பிழைத்தார். அவருக்கு முதலில் ஏற்றியது 100 மில்லி. அதில் இருந்தவை 20 கிராம் சோயா எண்ணெய், 1.2 கிராம் முட்டைக் கருவின் பாஸ்போலிப்பிட், கொஞ்சம் கிளிசரின், மிச்சம் தண்ணீர்.