வெற்றுத் தோட்டாக்கூடும் அதன் மறுபயன்பாடும்: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

முன்னுரை

துப்பாக்கியைப் பற்றிய வரலாறுகள் குழலையும் குண்டையும் வெடிமருந்தையும் விரிவாகப் பேசுகின்றன; சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைப் பெரும்பாலும் போகிற போக்கில் குறிப்பிட்டுச் செல்கின்றன. ஆனால் தோட்டாவின் உறுப்புகளான கூடு, பிரைமர் எனப்படும் தீமூட்டுக் கிண்ணம், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கனுள் மீண்டும் பயன்படத்தக்கது கூடு ஒன்றே. அதனை மறுபடி நிரப்புவதற்கு முன் இரண்டு வேலைகள் செய்யப்பட வேண்டும். விரிந்துபோன கூட்டை அச்சுக்குள் செலுத்தி உரிய அளவுக்கு ஒடுக்க வேண்டும். நீண்டுபோன வாய்ப்பகுதியைச் சீவ வேண்டும். இவ்வேலைகள் வரலாற்றில் எவ்வாறு தோன்றின என்பதையும், வெற்றுக்கூட்டைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கு அவை எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தாளிலிருந்து உலோகத்திற்கு

1857ஆம் ஆண்டின் எழுச்சியோடு இணைத்துப் பேசப்படும் என்ஃபீல்டு தோட்டா, கொழுப்புத் தடவிய தாளால் ஆனது. வீரர் அதனைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டினார். சுட்டபின் மீண்டும் நிரப்பத்தக்க எதுவும் அதில் எஞ்சவில்லை. எனவே மறுபயன்பாடு என்னும் கேள்வி உலோகக்கூடு வந்த பின்னரே எழுந்தது.

பிரித்தானியப் படையில் அம்மாற்றம் 1860களில் நிகழ்ந்தது. ஊல்விச்சில் பணியாற்றிய எட்வர்டு பாக்ஸர், ஸ்னைடர் துப்பாக்கிக்கென வடிவமைத்த தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றியும் இம்முறையிலேயே தொடங்கியது. சுருட்டிய தகடு எளிதில் நசுங்கும். சூடேறிய துப்பாக்கியில் சிக்கிக்கொள்ளும். அச்சில் இட்டு ஒடுக்கிப் பழைய உருவுக்குக் கொண்டுவரவும் ஏற்றதன்று. 1885 சனவரியில் சூடானின் அபு கிளியா போரில் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டதாக எழுந்த கடும் குறைகூறலுக்குப் பின், ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்யப்பட்ட கூடு அதன் இடத்தைப் பிடித்தது.

அமெரிக்காவின் பாதை வேறு. 1873இல் ஏற்கப்பட்ட .45-70 தோட்டாவின் தொடக்கக்காலக் கூடு செம்பாலானது. அதன் பிரைமர் உள்ளே பொருத்தப்பட்டிருந்தமையால் வெளியே எடுத்து மாற்ற இயலாது. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலை 1880களில் வெளிப் பிரைமருக்கு மாறியதும் நிலைமை மாறிற்று. குறிசுடும் பயிற்சிக்குத் தோட்டா மிகுதியாகத் தேவைப்பட்ட காலம் அது. காலிக்கூடுகளைச் சேர்த்து முகாம்களிலேயே நிரப்புவது படைக்குச் சிக்கனமாயிற்று.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று விந்தையைச் சுட்டலாம். ஆங்கிலேயரான பாக்ஸரின் பெயர் பெற்ற பிரைமர் அமெரிக்காவில் நிலைபெற்றது. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் பிரைமரோ ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரு துளை மட்டுமே உண்டு. ஒரு கம்பியால் குத்தினால் பழைய பிரைமர் கழன்றுவிடும். பெர்டன் முறையில் பட்டடைமுனை கூட்டிலேயே அமைந்து, துளைகள் பக்கவாட்டில் இருப்பதால் அவ்வாறு எளிதில் கழற்ற முடியாது. மறுநிரப்பல் அமெரிக்கக் குடிமக்களிடையே ஒரு பழக்கமாக வேரூன்றியதற்கு இச்சிறு வேறுபாடும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பித்தளையின் நடத்தை

துப்பாக்கி வெடிக்கும்போது கூடு விரிந்து வெடியறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்குகிறது; ஆயினும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஒடுக்கும் அச்சு தேவைப்படுவது இதனால்தான். ஆனால் அச்சில் நெருக்கப்படும் உலோகம் எங்கேனும் சென்றாக வேண்டும். அது முன்னோக்கி நகர்ந்து கழுத்தை நீட்டுகிறது. நீண்ட கழுத்து வெடியறையின் முன்விளிம்பில் முட்டினால், கூட்டின் வாய் குண்டை இறுகப் பற்றிக்கொள்ளும்; குண்டு விடுபடத் தடை ஏற்பட்டு அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். ஆகவே ஒடுக்குதலின் விளைவே சீவுதல்.

.30-06 தோட்டாவில் கூட்டின் உச்ச நீளம் 2.494 அங்குலம், சீவும்போது வழக்கமாகக் கொள்ளப்படும் நீளம் 2.484 அங்குலம். இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவே. ஒரு தொழிற்சாலையின் தோட்டா மற்றொரு தொழிற்சாலையின் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்னும் தேவையே இத்தகைய வரையறைகளைப் பொதுவுடைமையாக்கியது. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தர நிறுவனம் 1926இல் அமைந்தது.

கருவிகளின் வரலாறும் இதனோடு பிணைந்தது. ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் கைக்கருவி இடுக்கி போன்றது. கைவலுவுக்கு ஏற்பக் கழுத்தை மட்டும் ஒடுக்கவே அது பெரிதும் பயன்பட்டது. பின்னர் 1925இல் அந்நிறுவனம் லைமன் நிறுவனத்தின் வசமாயிற்று. கூடு முழுவதையும் ஒடுக்க வலிய நெம்புகோல் அழுத்துப்பொறி வேண்டும். அத்தகைய பொறிகளால் பிற்காலத்தில் பெயர்பெற்ற ஆர்சிபிஎஸ் நிறுவனத்தை ஃபிரெட் ஹண்டிங்டன் 1943இல் தொடங்கியது, சுட்டெறிந்த .22 கூடுகளைக் குண்டுகளின் மேலுறையாக மாற்றும் அச்சுகளோடுதான். போர்க்காலத் தட்டுப்பாட்டில் மிகச் சிறிய காலிக்கூடும் மூலப்பொருளாயிற்று.

முழு ஒடுக்குதல் எப்போதும் நன்மை பயப்பதன்று. லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் .303 வெடியறை, சேறும் மணலும் படிந்த தோட்டாவையும் ஏற்கும் பொருட்டுத் தாராளமாக அமைக்கப்பட்டது. அதன் தாழ் பின்புறத்தில் பூட்டுவதால் சுடும்போது கூடு கூடுதலாக நீள்கிறது. ஒவ்வொரு முறையும் முழுமையாக ஒடுக்கினால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, இறுதியில் கூடு இரண்டாகப் பிரியும். போர்க்களத்தில் நன்மையாக இருந்த தாராளம், மறுநிரப்புபவர்க்குத் தீங்காயிற்று.

இந்திய மழைக்காலமும் பித்தளை வெடிப்பும்

உலோகவியல் பாடநூல்கள் இந்தியாவை நினைவுகூரும் இடங்களுள் ஒன்று 'பருவ வெடிப்பு'. பிரித்தானிய இந்தியப் படையின் தோட்டாக்கூடுகள் மழைக்காலச் சேமிப்பில், சுடப்படாமலேயே வெடிப்புற்றன. குண்டைப் பற்றுவதற்காகக் கழுத்து ஒடுக்கப்படும்போது உலோகத்தில் எஞ்சிய தகைவு தங்குகிறது. குதிரை லாயங்களின் அம்மோனியாவும் ஈரக்காற்றும் சேர்ந்து அத்தகைவுடைய பித்தளையைத் தாக்கின. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோரின் 1921ஆம் ஆண்டு ஆய்வு இதனை விளக்கியது. கழுத்தைச் சூடேற்றி மென்பதப்படுத்தித் தகைவை நீக்குவதே தீர்வு. இராணுவக் கூடுகளின் கழுத்தில் இன்றும் காணப்படும் நீலம் படர்ந்த கறை அதன் அடையாளம். மீண்டும் மீண்டும் ஒடுக்கப்படும் கூட்டின் கழுத்தும் இவ்வாறே இறுகிப் பிளக்கிறது. மறுநிரப்புபவரும் அதே மென்பதத்தையே நாடுகிறார்.

மற்றொரு தடை வேதியியல் சார்ந்தது. பழைய பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது. கரிமருந்தின் மிகுந்த கசடு பாதரசத்தைத் தன்னோடு கொண்டுவிடும். கசடு குறைந்த புகையற்ற மருந்தில் அது பித்தளையோடு கலந்து கூட்டை நொறுங்கச் செய்தது. ஃபிராங்க்ஃபோர்டு சாலை 1898இல் பாதரசமற்ற பிரைமருக்கு மாறியது மறுபயன்பாட்டுக்கு உதவிற்று.

சான்றாகும் வெற்றுக்கூடு

1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த புல்வெளி 1983இல் தீக்கிரையானதைத் தொடர்ந்து, டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் ஆகியோர் 1984இல் அங்கு அகழாய்வைத் தொடங்கினர். கூடுகளில் பதிந்த சுடுமுனைத் தடத்தையும் பிடுங்கியின் கீறலையும் ஒப்பிட்டு, தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் நகர்ந்த வழிகளை அவர்கள் மீட்டனர். ஒரு கூடு ஒருமுறை சுடப்பட்டது என்று கொள்ளத்தக்க களத்தில் இம்முறை பெரும் பயன் தருவது.

மறுநிரப்பப்பட்ட கூட்டில் நிலைமை வேறு. பிரைமர் மாற்றப்படும்போது முந்தைய சுடுமுனைத் தடம் அதனோடு போய்விடும். ஒடுக்கும் அச்சு வெடியறையின் உருவத்தை அழிக்கும். சீவுதல் நீண்ட வாயை நீக்கும். விளிம்பில் விழுந்த கீறல்களோ எஞ்சி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். அடியில் பொறித்த ஆண்டு மாறாது நிற்கும். திருப்பணியில் கற்கள் இடம் மாறிய கோயிலில் கல்வெட்டைப் படிப்பவர்க்கு இந்நிலை புதிதன்று: எழுத்து மெய், அது நிற்கும் இடம் பிற்காலத்தது. அவ்வாறே, அடிப்பொறிப்பின் ஆண்டு கூடு செய்யப்பட்ட காலத்தைச் சொல்லும். அது கடைசியாகச் சுடப்பட்டது அவ்வாண்டுக்கு முற்பட்டதன்று என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அருங்காட்சியகப் பட்டியல்களில் இவ்வாண்டையே நிகழ்வின் ஆண்டாகப் பதிவதற்கு முன், கூட்டின் நீளத்தை அளந்து, வாயின் விளிம்பில் சீவிய தடம் உண்டா எனவும், விளிம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பிடுங்கிக் கீறல்கள் உண்டா எனவும் பார்த்துப் பதிவு செய்தல் வேண்டும்.